பட்டறைப் பதில்கள்: பழைய காரின் தேய்ந்த சிலிண்டர்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம், போர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர் ஓட்டை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கொட்டகையில் கிடந்த அம்பாசடரையும் பத்மினியையும் வெளியே இழுத்து மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அதனால் கிளட்ச், டைனமோ கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த இதழ் முழுக்கச் சிலிண்டருக்கே கொடுத்துவிடுகிறேன்.

அண்ணா, அப்பா 1979-ல் வாங்கிய பெட்ரோல் அம்பாசடர் இன்னும் எங்களிடம் இருக்கிறது. 400 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கி முடித்து ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் வரும் வண்டியே தெரியாத அளவுக்கு நீலப் புகை. ஒரு மெக்கானிக் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார், இன்னொருவர் போரையே வெட்டிப் பெரிதாக்குகிற ரீபோர்தான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகர், பாலக்கோடு

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம் தம்பி. இரண்டு பேருமே இன்னும் அளந்து பார்க்கவில்லை.

முதலில் அந்தப் புகை. கணவாயில் காலை எடுத்துவிட்டு இறங்கும்போது த்ராட்டில் மூடியிருக்கும், உள்ளே உறிஞ்சும் வேகம் அதிகம், அது ஆயிலை வால்வ் கைடு (வால்வ் தண்டு ஓடுகிற குழல்) வழியாகவும் இழுக்கும், ரிங் வழியாகவும் இழுக்கும். இறங்கி முடித்து மிதித்ததும் ஒரு குபீர் புகை வந்து, அப்புறம் தெளிந்துவிட்டால் வால்வ் கைடு மேல்தான் என் சந்தேகம். தெளியாமல், மேட்டில் இழுக்கிற நேரமெல்லாம் புகைந்துகொண்டே வந்தால் ரிங்கும் போரும். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புஸ் புஸ் என்று புகை தள்ளினால் கம்ப்ரஷன் கீழே இறங்குகிறது என்று அர்த்தம்.

அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட். என்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பாதி பேர் ஆக்சிலேட்டரை மிதிப்பதில்லை, அதனால் காற்று உள்ளே போகாமல் நல்ல என்ஜினும் நோயாளி மாதிரி காட்டும். எண்களைக் குறித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், போர். ஏறவே இல்லை என்றால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட், அதற்குப் போய் பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கிற இரும்பு உடலை) போர் போடுவது வீண் செலவு.

டெஸ்ட் ரிங், போர் என்று சொன்னால் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதும் போரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், ஒரு படி தட்டுப்படும். அந்தப் படிக்கு மேலே ரிங் போவதே இல்லை, அதனால் அது கம்பெனி அளவில் அப்படியே நிற்கிறது, அதற்குக் கீழேதான் தேய்மானம். எங்கே அதிகம் என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேல் ரிங் நிற்கிற இடத்தில். வெடித்த வாயு ரிங்கின் முதுகுக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது, பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்புவதால் ஆயில் படலம் அறுந்துபோகிறது, சூடும் அங்கேதான் அதிகம். கீழே போகப் போகத் தேய்மானம் குறையும், அதனால் போர் மேலே அகன்று கீழே குறுகி இருக்கும். கனெக்டிங் ராடு பிஸ்டனைப் பக்கச் சுவரில் தள்ளுவதால் கிராங்குக்குக் குறுக்கான திசையில் தேய்மானம் கூடி, வட்டம் முட்டை வடிவமாகவும் ஆகியிருக்கும்.

இதை வெர்னியரில் அளக்க முடியாது. டயல் வைத்த போர் கேஜ் வேண்டும். உங்கள் 1489 சிசி என்ஜினின் ஸ்டாண்டர்டு போர் 73.02 மி.மீ. (இரண்டே முக்கால் இஞ்சும் இன்னொரு அரைக்கால் இஞ்சும்), மைக்ரோமீட்டரை அந்த அளவுக்கு வைத்துக் கேஜை ஜீரோ செய்துகொண்டு, மேலே, நடுவில், கீழே மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் கிராங்கின் நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்தால் ஒரு சிலிண்டருக்கு ஆறு எண், நான்குக்கு 24. இந்த 24 எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தராத பட்டறையில் பிளாக்கை விடாதீர்கள்.

போர் கேஜ் கிடைக்காத இடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரு வழி இருக்கிறது. ஒரு புது ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக உட்கார வைத்து, அடியில் ரிங்கின் வெட்டு வாயில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். அப்புறம் மேலே, படிக்குக் கீழே உட்கார வைத்துப் பாருங்கள். அடியில் 0.30, மேலே 0.90 என்று வந்தால் வித்தியாசம் 0.60. அதை 3.14-ஆல் வகுத்தால் 0.19 மி.மீ., அவ்வளவு போர் அகன்றிருக்கிறது. முட்டை வடிவத்தை இது காட்டாது, ஆனால் ரிங்கா போரா என்று முடிவெடுக்கப் போதும்.

என் பழக்கம் இது: தேய்மானம் 0.08 மி.மீ. வரை என்றால் படியை வெட்டி எடுத்துவிட்டு, லேசாக ஹோனிங் செய்து (கல்லால் போரைத் தேய்த்து), புது ரிங். 0.15-ஐத் தாண்டினால் ரீபோர்தான், பேச்சே இல்லை. நடுவில் இருந்தால் வண்டியை எவ்வளவு ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்பேன். வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் என்றால் ரிங்கோடு நிறுத்தச் சொல்வேன், ஏனென்றால் பிளாக்கில் இருக்கிற இரும்பு அவ்வளவுதான், ஒரு போர் போட்டால் ஒரு ஆயுள் குறைகிறது. ரிங் மட்டும் மாற்றுகிறவர்கள் படியை வெட்ட மறந்துவிடாதீர்கள். பழைய ரிங் அந்தப் படிக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும், புது ரிங்கின் கூர் விளிம்பு அதில் இடிக்கும், இடித்தால் ரிங் உடையும், இல்லையென்றால் பிஸ்டனில் ரிங்குக்கு இடையே உள்ள மேடு உடையும்.

ரீபோருக்கு என் பத்மினியைக் கொடுத்தேன். ஹோனிங் முடிந்ததும் பிளாக்கை எமரி வாடை போகப் பெட்ரோலில் கழுவினால் போதுமா?
- வாசகி, தர்மபுரி

போதாது அம்மா. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதில் கழுவினாலும் எண்ணெய்தான் போகும், ஹோனிங் கல்லின் பொடி இரும்பின் நுண்ணிய கீறல்களுக்குள் உட்கார்ந்துகொள்ளும். துணி துவைக்கிற சோப்புத்தூள், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், விறைப்பான பிரஷ், இது மூன்றும்தான் அதை வெளியே எடுக்கும். கழுவி முடித்து, வெள்ளை வேட்டித் துணியில் புது ஆயில் தொட்டுப் போரைத் துடையுங்கள், துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி கழுவுங்கள். எனக்குச் சில பிளாக்குகள் நான்கு தடவை கேட்டிருக்கின்றன. காய்ந்த நிமிடமே ஆயில் தடவிவிடுங்கள், வார்ப்பு இரும்பு கண் முன்னாலேயே துருப் பிடிக்கும்.

என் அம்பாசடருக்கு 20 ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கிக் கொடுத்தேன். போரிங் பட்டறையில் போட்டுப் பார்த்துவிட்டு மூன்றாவது சிலிண்டரில் பழைய தேய்மானத் தடம் போகவில்லை, 30 போட வேண்டும் என்கிறார்கள். அளந்தபோது தேய்மானம் 0.30 மி.மீ.தான். 20 என்றால் அரை மில்லிமீட்டர் ஆயிற்றே, எப்படிப் போகாமல் இருக்கும்? ஏமாற்றுகிறார்களா?
- வாசகர், ஓசூர்

ஏமாற்றவில்லை. நல்ல கேள்வி, பல பேருக்குக் குழப்பம் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் 0.30 என்பது விட்டத்தில் கூடியது. அது இரண்டு பக்கச் சுவரிலும் சமமாக, பக்கத்துக்கு 0.15 என்று போயிருந்தால் 20-லேயே சுத்தமாகியிருக்கும். ஆனால் வெடிக்கும்போது பிஸ்டன் ஒரு பக்கமாகத்தான் பலமாகச் சாய்கிறது, அந்த ஒரு பக்கத்திலேயே 0.30-ம் போயிருக்கலாம். போரிங் மெஷினோ வட்டத்தின் பழைய மையத்தை விட்டு நகரக்கூடாது, அதனால் அந்தப் பக்கம் 0.30 எடுக்க வேண்டும் என்றால் எதிர்ப் பக்கமும் 0.30 எடுத்தாக வேண்டும். மொத்தம் 0.60. இருபது தவு (தவு என்றால் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது 0.51 மி.மீ., முப்பது தவு 0.76. இப்போது கணக்கு புரிகிறது அல்லவா.

நகர்த்தினால் என்ன, 20-லேயே முடித்துவிடலாமே என்று தோன்றும். சில இடங்களில் தேய்ந்த மேல் பகுதியை வைத்தே மெஷினுக்குச் சென்டர் எடுத்துவிடுகிறார்கள், தடம் போய்விடும், பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் போர் கிராங்கின் நேர் கோட்டை விட்டு விலகிவிட்டது. ராடு சாய்ந்து உட்காரும், பிஸ்டன் ஒரு ஓரமாக உரசும், இருபதாயிரம் கிலோமீட்டரில் மறுபடி புகை. தேயாத இடமான அடிப்பகுதியை வைத்துச் சென்டர் எடுக்கச் சொல்லுங்கள். பிளாக்கின் மேல் முகத்தில்தான் மெஷின் உட்காரும் என்றால் அந்த முகத்தில் பழைய கேஸ்கட் துணுக்கோ, ஸ்டட் பக்கத்தில் மேடோ இல்லாமல் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு சிலிண்டருக்கு 30 தேவை என்றால் நான்கையும் 30 ஆக்கிவிடுங்கள். தடம் கீழே, ரிங் எட்டாத இடத்தில் நிழல் மாதிரி தெரிந்தால் மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொன்று. நீங்கள் பிஸ்டனை முதலில் வாங்கிக் கொடுத்தது மிகச் சரி, இப்போது 30 பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் மெஷினை ஓட்ட வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பிளாக்கை வெளியூர்ப் பட்டறையில் விட்டேன், பிஸ்டன் வருவதற்குள் புத்தக அளவை வைத்துப் போர் போட்டுவிட்டார்கள், வந்த பிஸ்டனோ 0.03 சின்னதாக இருந்தது. அந்தக் கார் காலையில் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் பிஸ்டன் சுவரில் தட்டுகிற சத்தம், சூடாகிற வரை நிற்காது. கார்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் தூக்கம் போயிற்று. பிஸ்டனை அதன் கீழ்ப்பக்கப் பாவாடைப் பகுதியில், அதை ராடோடு இணைக்கிற பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக அளந்து, அதோடு இடைவெளி சேர்த்து, ஒவ்வொரு போரையும் அதன் பிஸ்டனுக்கென்றே முடிக்க வேண்டும், பிஸ்டன் தலையில் நம்பர் போட்டுவிட வேண்டும். போர் இஞ்சுக்கு ஒரு தவு என்பது பழைய கைக்கணக்கு, 73 மி.மீ.க்கு ஏறக்குறைய 0.07 வரும். பிஸ்டன் பெட்டியில் அளவு அச்சடித்திருந்தால் கைக்கணக்கை விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள். போரிங் கத்தி கடைசி 0.05-ஐ விட்டுவிட வேண்டும், அது ஹோனிங் கல்லுக்கு.

எனக்கு வயது 71. மாந்தோப்புக் கொட்டகையில் 18 வருடமாக என் பத்மினி நிற்கிறது. என்ஜின் சுற்றவில்லை. மகன் டிராக்டரில் கட்டி, கியரில் போட்டு இழுத்தால் விட்டுவிடும் என்கிறான். செய்யலாமா?
- வாசகர், பர்கூர்

வேண்டாம் ஐயா, மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். துருப் பிடித்த ரிங் சுவரோடு ஒட்டியிருக்கும், டிராக்டர் இழுத்தால் ரிங் விடாது, ராடு வளையும், இல்லை பிஸ்டன் மேடு உடையும்.

பிளக்கைக் கழற்றி நான்கு ஓட்டையிலும் டீசலும் பவர் ஸ்டியரிங் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஊற்றுங்கள். தினமும் மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். ஒரு வாரம், பத்து நாள் ஆகட்டும். அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் நீளமான பிடி போட்டு முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள், ஒரு நூல் அசைந்தால் போதும், வென்றுவிட்டீர்கள். அசையவில்லை என்றால் ஹெட்டையும் சம்ப்பையும் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றி, ராடு கேப்பை எடுத்துவிட்டு, போர் அளவுக்கு இழைத்த கட்டையை வைத்துத் தட்ட வேண்டும். சுத்தியல் நேராக அலுமினியத்தில் படக்கூடாது.

இப்படி நின்ற என்ஜினில் எல்லாச் சிலிண்டரும் கெட்டிருக்காது. நிறுத்திய அன்று எந்தச் சிலிண்டரில் வால்வ் திறந்திருந்ததோ அதில் ஈரம் இறங்கி, ரிங் நின்ற இடத்தில் வளையம் மாதிரி துருக்குழி விழுந்திருக்கும். குழி ரிங் ஓடுகிற பாதையில் இருந்து, நகத்துக்குத் தட்டுப்பட்டால் ஹோனிங்கில் போகாது. மூன்று சிலிண்டர் நன்றாக இருந்து ஒன்றில் மட்டும் ஆழமான குழி என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்லீவ் (போருக்குள் இறுக்கி இறக்குகிற இரும்புக் குழல்) அடித்து மற்ற மூன்றின் அளவுக்கே, 68 மி.மீ.க்கே, கொண்டுவந்துவிடலாம். அதில் ஒரு குறையும் இல்லை. உங்கள் வண்டி அப்படித்தான் முடியும் என்று நினைக்கிறேன், முடிந்ததும் எழுதுங்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். ஏற்கெனவே 40 போட்டாகிவிட்டது, அதற்கு மேல் பிஸ்டன் கிடைக்கவில்லை, ஸ்லீவ் போட்டால் வலு இருக்காது என்று பயமுறுத்துகிறார்கள். பிளாக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?
- வாசகர், ஊத்தங்கரை

தூக்கிப் போடாதீர்கள். சென்னையில் செய்த அந்த 948 சிசி என்ஜினுக்கு இன்னொரு பிளாக் தேடுவது ஸ்லீவ் போடுவதைவிடப் பெரிய வேலை. ஸ்லீவ் ஒழுங்காகப் போட்டால் புது போர் மாதிரியே ஓடும், நீங்கள் 63 மி.மீ. ஸ்டாண்டர்டு பிஸ்டனுக்கே திரும்பிவிடலாம்.

பயமுறுத்துகிறவர்கள் பார்த்தது மோசமாகப் போட்ட ஸ்லீவாக இருக்கும். கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். செலவு தொடங்கும் முன் பிளாக்கின் தண்ணீர் அறைக்குப் பிரஷர் டெஸ்ட், உள்ளே விரிசல் இருந்தால் எல்லாம் வீண். ஸ்லீவ் வெளி விட்டத்தைவிடப் பிளாக்கின் ஓட்டை 0.05 முதல் 0.07 மி.மீ. வரை சின்னதாக இருக்க வேண்டும், அந்த இறுக்கத்தில்தான் சூடு சுவர் வழியாகத் தண்ணீருக்குப் போகும். லூசாக இருந்தால் இடையில் காற்று நின்று பிஸ்டன் பிடித்துவிடும், ரொம்ப இறுக்கினால் பிளாக் விரியும். ஓட்டையை அடி வரைக்கும் ஒரே அளவில் வெட்டாமல் கீழே ஒரு சின்னப் படி விடச் சொல்லுங்கள், ஸ்லீவ் அதன் மேல் உட்காரும். படி இல்லாத ஸ்லீவ் காலப்போக்கில் கீழே நழுவி ஹெட் கேஸ்கட்டை ஊதவைக்கும். நான்கையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டால் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள சுவர் மெலிந்து நிற்கும். ஒன்றை வெட்டி, ஸ்லீவை இறக்கி, அப்புறம் அடுத்ததைத் தொட வேண்டும். கடைசியில் மேல் முகத்தை மட்டமாக்கி, உள்ளே போர் போட்டு ஹோனிங். இது பிரஸ் வைத்து நிதானமாகச் செய்கிற வேலை, சுத்தியலால் அடித்து இறக்குகிற இடத்தில் கொடுக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கும் இடத்தில் வேலை. ரீபோர் செய்து 9,000 கிலோமீட்டர்தான் ஆகிறது, என் அம்பாசடர் மறுபடி புகைகிறது. போரிங் செய்தவர் மீதுதானே தப்பு?
- வாசகர், கிருஷ்ணகிரி

இருக்கலாம், ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கிரானைட் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது உங்கள் சிலிண்டர் இரும்பைவிடக் கடினம். ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் சேர்க்கிற ரப்பர் குழாயைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் உங்கள் போரை அறுத்தது அதுதான். ரிங் அந்தத் தூளை ஆயிலோடு குழைத்து எமரி பேஸ்ட் ஆக்கி மேலும் கீழும் தேய்க்கிறது. என் மேஜைக்கு வரும் பிளாக்குகளில் குவாரி ரோட்டில் ஓடிய வண்டியை ஹெட்டைக் கழற்றியதுமே சொல்லிவிடுவேன், படி அவ்வளவு ஆழமாக இருக்கும். ஃபில்டர் நல்லதாக இருந்து கிளிப் தளர்ந்திருந்தாலே போதும், காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆயில் பாத் ஃபில்டர் இருக்கும் பழைய வண்டி என்றால் உங்கள் இடத்துக்கு வாரம் ஒரு தடவை அடியில் உள்ள சேற்றைக் கழுவி ஆயில் மாற்றுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? நம் ஊர் போர்வெல் தண்ணீர் உப்பு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது பிளாக்குக்குள்ளும் படியும். முக்கியமாகக் கடைசிச் சிலிண்டரைச் சுற்றி. அங்கே சூடு இறங்காமல் போர் கோணிப்போகும், பிஸ்டன் உரசும். பிளாக்கைப் போருக்குக் கொடுக்கும்போதே பக்கவாட்டில் இருக்கிற தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்து உள்ளே இருக்கிற செதிலைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், பின்னால் காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

ரீபோர் முடிந்து வண்டி வந்துவிட்டது. முதலில் அரை மணி நேரம் ஐடிலில் விடச் சொல்கிறார்கள். அப்புறம் 40-க்கு மேல் போகக்கூடாதாம். சரியா அண்ணா?
- வாசகர், காரிமங்கலம்

ஐடிலில் விடாதீர்கள். புது ரிங் சுவரில் உட்கார வேண்டும் என்றால் அதன் முதுகில் வாயு அழுத்த வேண்டும், ஐடிலில் அந்த அழுத்தம் இல்லை, போர் வழவழவென்று ஆகிவிடும், ஹோனிங் கோடுகள் வீணாகும். ஸ்டார்ட் செய்து, ஆயில் பிரஷரும் தண்ணீர்க் கசிவும் பார்த்ததும் ரோட்டுக்கு எடுத்துவிடுங்கள். காவேரிப்பட்டணம் பக்கம் ஏற்ற இறக்கம் உள்ள ரோட்டில் டாப் கியரில் 40-லிருந்து 60 வரை நன்றாக இழுக்க வைத்து, காலை எடுத்து மெதுவாக இறங்க விடுங்கள், இப்படி இருபது தடவை. ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் விரட்ட வேண்டாம், தொப்பூரைச் சேலம் பக்கமிருந்து ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏறுவது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்புறம் இருக்கட்டும். முன்பெல்லாம் பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு போவார்கள், நீங்களும் ஒட்டிக்கொள்ளலாம், பின்னால் ஹாரன் அடிக்கிறவர் கொஞ்சம் பொறுப்பார்.

சிந்தடிக் ஆயில் இப்போது வேண்டாம், சாதாரண மினரல் 20டபிள்யூ-50 போதும். 500 கிலோமீட்டரில் சூடாக இருக்கும்போதே வடித்து, வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மிக மெல்லிய சாம்பல் மினுமினுப்பு இருந்தால் அது ரிங் உட்காருவதால் வருவது, கவலை இல்லை. விரலில் தட்டுப்படுகிற துணுக்கு இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு அந்த ஆயிலோடு நேராகப் பட்டறைக்குப் போங்கள்.